தோற்றுத் தோற்றுத்தான் ஒரு சாம்பியன் அணியைக் கட்ட வேண்டுமா? (என்பிஏ ரசிகர்களின் இணைய விவாத இழை; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

கடைசி இருக்கை:
என்பிஏவில் (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) மோசமான அணியாக இருப்பது பெரிய பாவமில்லை. சுமாரான அணியாக இருப்பதுதான் பாவம். வருடா வருடம் 38 வெற்றி, 40 வெற்றி, பிளே-இன்னில் (பிளேஆஃபுக்குத் தகுதிபெறக் கடைசி வாய்ப்பு) ஒரு ஆட்டம், அப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான். டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாக எடுப்பது; மோசமான அணிகளுக்கு முன்வரிசை) பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ இடம் கிடைக்கும். அதில் வருகிற பையன் நன்றாகவே ஆடுவான், ஆனால் கோப்பைக்கான பிளேஆஃபில் கடைசி இரண்டு நிமிடம் பந்தை அவன் கையில் கொடுக்க யாருக்கும் மனசு வராது.

பெரிய நட்சத்திரம் இல்லாமல் கோப்பை இல்லை. ஃப்ரீ ஏஜென்டாக (ஒப்பந்தம் முடிந்தவர்களாக) இருக்கும் நட்சத்திரங்கள் லாஸ் ஏஞ்சலிஸ், மயாமி என்று போவார்கள். ஓக்லஹோமா சிட்டிக்கு யாரும் தானாக வரமாட்டார்கள். ஆக, இப்படிப்பட்ட அணிகளுக்கு இருக்கும் ஒரே வாசல் டிராஃப்டின் முதல் நான்கைந்து இடங்கள். வெட்கத்தை விட்டு இரண்டு மூன்று வருடம் தோற்க வேண்டியதுதான். 2020-21இல் ஓக்லஹோமா 22 வெற்றி, அடுத்த வருடம் 24. 2024-25இல் 68 வெற்றியும் கோப்பையும். சான் அன்டோனியோவைப் பாருங்கள். 1996-97இல் டேவிட் ராபின்சன் காயத்தில் உட்கார்ந்தார், அணி 20 ஆட்டம்தான் வென்றது. அந்தக் கோடையில் டிராஃப்டின் முதல் தேர்வாக டிம் டங்கன் வந்தார். அவரோடு ஐந்து கோப்பை.

இரண்டாம் சுற்று:
அதே 1996-97இல் போஸ்டன் 15 ஆட்டம்தான் வென்றது. சான் அன்டோனியோவைவிட மோசம், லாட்டரியில் (டிராஃப்டின் முதல் இடங்கள் யாருக்கு என்று முடிவுசெய்யும் குலுக்கல்) வாய்ப்பும் அதிகம். டங்கன் கிடைத்தாரா? மூன்றாவது இடமும் ஆறாவது இடமும் கிடைத்தன. இதை யாரும் உதாரணமாகச் சொல்வதில்லை.

ஓக்லஹோமாவை டேங்கிங்குக்கு (நல்ல தேர்வுக்காக வேண்டுமென்றே தோற்பதற்கு) சாட்சியாக அழைப்பது அதைவிடத் தமாஷ். அவர்களின் நட்சத்திரம் ஷேய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் டிராஃப்டில் வந்தவரா? 2019 ஜூலையில் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து ட்ரேடில் வாங்கினார்கள். கூடவே கலினாரி என்ற வீரர், ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், இரண்டு ஸ்வாப் (தேர்வு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை). அந்தக் கிளிப்பர்ஸ் தேர்வு ஒன்றில் வந்தவர்தான் ஜேலன் வில்லியம்ஸ், 12ஆவது இடம். நீங்கள் வேண்டாம் என்று தள்ளிய அதே 12! லூ டோர்ட்டை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. ஆரன் விக்கின்ஸ் 55. தோற்றதற்கு நேரடிப் பலன் என்று சொன்னால் செட் ஹோல்ம்கிரன் ஒருவர்தான்.

லாட்டரி விதியும் மாறிவிட்டது. 2019க்கு முன் கடைசி அணிக்கு முதல் தேர்வு கிடைக்க 25 சதவீத வாய்ப்பு. 2019இல் அதை மாற்றி, கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 என்றார்கள். கடைசி இடத்தில் முடித்தாலும் ஐந்தாவது தேர்வுவரை சரியலாம். டெட்ராய்ட் 2023இலும் 2024இலும் கடைசி, இரண்டு முறையும் ஐந்தாவது. 2025இல் 17 வெற்றி பெற்ற யூட்டாவுக்கும் ஐந்து. 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லாஸ் முதல் இடத்தில் கூப்பர் ஃப்ளாக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இதை நம்பி மூன்று வருடம் ரசிகனைத் தண்டிப்பீர்களா?

கடைசி இருக்கை:
ட்ரேட் ட்ரேட் என்கிறீர்களே, கொடுக்கக் கையில் சரக்கு வேண்டாமா? பால் ஜார்ஜ் எங்கிருந்து வந்தார்? ஓலடிப்போவையும் சபோனிஸையும் 2017இல் இண்டியானாவுக்குக் கொடுத்து வாங்கினார்கள்.

இரண்டாம் சுற்று:
நீங்களே ஆரம்பித்துவிட்டீர்கள், முழுக்கச் சொல்லிவிடுகிறேன். ஓலடிப்போவும் சபோனிஸும் வந்தது 2016இல் செர்ஜ் இபாகாவைக் கொடுத்து. இபாகா 2008இல் 24ஆவது தேர்வு. அந்த 24உம் இவர்களுடையது இல்லை, ஃபீனிக்ஸுடையது. அந்த அணிக்கு கர்ட் தாமஸின் சம்பளம் பாரமாக இருந்தது. அதை ஏற்றுக்கொண்டதற்குக் கூலியாக 2007இல் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள் கிடைத்தன, அதில் ஒன்று இது. ஆக 2025 கோப்பையின் வேரைத் தோண்டினால், இன்னொருவருக்கு வேண்டாத ஒரு ஒப்பந்தத்தில் போய் நிற்கிறது.

அதே காலத்தில் தோற்று வாங்கிய தேர்வுகள் என்ன ஆயின? டுரன்ட் 2, வெஸ்ட்புரூக் 4, ஹார்டன் 3. மூவருமே பின்னாளில் எம்விபி (சீசனின் சிறந்த வீரர்). மூவரும் சேர்ந்து அந்த அணிக்குக் கொடுத்த கோப்பை பூஜ்யம். 2012 இறுதிச்சுற்றில் மயாமியிடம் ஐந்து ஆட்டத்தில் கதை முடிந்தது.

கணக்குப்பிள்ளை:
ஆள் எந்த வாசல் வழியாக வருகிறார் என்பதிலேயே இருவரும் நிற்கிறீர்கள். எத்தனை வருடம் எவ்வளவு சம்பளத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். 2025-26க்குச் சேலரி கேப் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கான அடிப்படை வரம்பு) 154.6 மில்லியன் டாலர். செகண்ட் ஏப்ரன் என்கிற கோடு 207.8 மில்லியனில். அந்தக் கோட்டைத் தாண்டினால் அபராத வரி மட்டும் இல்லை, கையையும் கட்டிப்போடுகிறார்கள். இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. வரம்பைத் தாண்டிய பிறகும் ஆள் எடுக்க உதவும் மிட்-லெவல் சலுகை கிடையாது. ட்ரேடில் பணம் சேர்த்துக் கொடுக்க முடியாது. ஏழு வருடம் கழித்து வரும் முதல் சுற்றுத் தேர்வைக்கூட முடக்கிவிடுவார்கள். முன்பெல்லாம் கோடீஸ்வர முதலாளி காசை இறைத்தால் தப்பிக்கலாம், இப்போது அது நடக்காது.

ஃபீனிக்ஸ் புக்கரோடு டுரன்ட்டையும் பீலையும் சேர்த்தது. பெயர்களைப் படித்தால் பயமாக இருக்கும். 2024-25இல் 36 வெற்றி, பிளே-இன்கூட இல்லை. மூன்று பேர் சம்பளம் போக மிச்சத்தில் கிடைத்தவர்களை வைத்துத்தான் பாதி ஆட்டத்தை ஓட்ட வேண்டியிருந்தது. போஸ்டன் 2024 சாம்பியன், மறு வருடமே ஜ்ரூ ஹாலிடேயையும் போர்ஸிங்கிஸையும் அனுப்பியது. ஆட்டம் பிடிக்காமலா அனுப்பினார்கள்? பில் அப்படி.

டிராஃப்டின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. முதல் சுற்றில் வருகிறவரின் சம்பளம் நான்கு வருடம் விதிப்படி கட்டுப்பட்டது. அந்த நான்கு வருடத்துக்குள் அவர் நட்சத்திரமாகிவிட்டால், மிச்சமாகும் பணத்தில் உதவி ஆட்களை வாங்கலாம். ஹோல்ம்கிரன், ஜேலன் வில்லியம்ஸ் இருவரும் ரூக்கி (புதுமுக) ஒப்பந்தத்தில் இருந்ததால்தான் சென்டர் ஹார்டன்ஸ்டைனுக்கு மூன்று வருடத்துக்கு 87 மில்லியன் கொடுக்க முடிந்தது. அதற்கு முதல் தேர்வே வேண்டும் என்றில்லை. 12ஆவது தேர்வின் சம்பளம் முதல் தேர்வில் பாதிகூட இல்லை.

கடைசி இருக்கை:
சரியாகத் தேர்ந்தெடுத்தால் 12 போதும்தான். 41ஆவது இடத்தில்கூட டென்வரின் நட்சத்திரம் யோகிச் கிடைத்தார், அவர் பெயரைச் சொன்னபோது டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அது திட்டமா? டென்வருக்கே தெரிந்திருந்தால் 41வரை விட்டு வைத்திருப்பார்களா?

ஜோன் டிஃபென்ஸ்:
யோகிச் பெயர் வந்ததால் கேட்கிறேன். 2025 பிளேஆஃபில் டென்வர்-ஓக்லஹோமா இரண்டாம் சுற்று ஏழாவது ஆட்டத்தை யாராவது திரும்பப் பார்த்தீர்களா? யோகிச் 6 அடி 11 அங்குலம். அவர்மேல் ஓக்லஹோமா நிறுத்தியது அலெக்ஸ் கருசோவை, 6 அடி 5. முதுகுப்பக்கம் நின்று தள்ளுவதில் பயனில்லை என்று தெரியும். அதனால் கருசோ அவருக்கு முன்னால் வந்து நின்றார். பந்து போடுகிறவருக்கும் யோகிச்சுக்கும் நடுவில் எப்போதும் ஒரு கை. தலைக்கு மேல் தூக்கிப் போட்டால் பின்னால் உயரமான ஒருவர் தயார். பந்து கைக்கு வருவதற்கே யோகிச் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 125-93, ஓக்லஹோமா வென்றது.

அந்தக் கருசோவும் டிராஃப்டில் யாரும் எடுக்காதவர். 2024 ஜூனில் கிடி என்ற வீரரைச் சிகாகோவுக்குக் கொடுத்து வாங்கினார்கள், கூடத் தேர்வு எதுவும் கொடுக்கவில்லை. நட்சத்திரத்தைப் பற்றியே எழுதுகிறோம். ஏழாவது ஆட்டத்தில் எதிரணி நட்சத்திரத்தை யார் பிடிப்பது என்று யோசித்து ஆள் சேர்ப்பவன்தான் எனக்குப் பெரிய மேனேஜர்.

கடைசி இருக்கை:
கிடி 2021இல் ஆறாவது தேர்வு. தோற்று வாங்கியது. நன்றி.

இரண்டாம் சுற்று:
:) சரி, ஒன்று உங்களுக்கு. ஃபிலடெல்பியாவைப் பற்றி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லையே? ஜெனரல் மேனேஜர் சாம் ஹிங்கி காலத்தில் 19 வெற்றி, 18 வெற்றி, அப்புறம் 10. இவ்வளவு சுத்தமாக யாரும் தோற்றதில்லை. எம்பீட், ஒகாஃபோர், சிம்மன்ஸ், ஃபுல்ட்ஸ் வந்தார்கள். பிளேஆஃபில் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை.

கடைசி இருக்கை:
திட்டம் சரி, தேர்வு தப்பு. 2017இல் முதல் இடம் போஸ்டனிடம் இருந்தது. ஃபிலடெல்பியா இன்னொரு தேர்வையும் சேர்த்துக் கொடுத்து அதை வாங்கி ஃபுல்ட்ஸை எடுத்தது. போஸ்டன் மூன்றுக்கு இறங்கி, பின்னாளில் நட்சத்திரமான டேட்டமை எடுத்தது. அந்த ஒரு பெயர் மாறியிருந்தால் இன்று எல்லோரும் ஹிங்கிக்குச் சிலை வைத்திருப்பார்கள். அப்போதும் ஹிங்கி அங்கே இல்லை, 2016லேயே போய்விட்டார்.

இரண்டாம் சுற்று:
போஸ்டனுக்கு அந்த முதல் இடம் தோற்றா வந்தது? 2013இல் வயதான கார்னெட்டையும் பியர்ஸையும் புரூக்ளினுக்குக் கொடுத்தபோது வாங்கிய ஸ்வாப் உரிமையில் வந்தது அது. போஸ்டன் அந்த வருடம் கிழக்கில் முதலிடம். ஜேலன் பிரவுனும் அப்படி வந்தவர்தான். புரூக்ளின் தோற்றது, போஸ்டன் வளர்ந்தது. தோற்க வேண்டுமென்றால் அடுத்தவன் தோற்கட்டும் என்பதுதான் என் கட்சி.

தோல்வி பழக்கமாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஹூஸ்டனில் உயர்ந்த தேர்வுகள் வரிசையாக இருந்தும் 2022-23இல் 22 வெற்றி. அப்புறம் கோச்சாக உடோகா வந்தார், அனுபவசாலிகள் வான்வ்லீட்டும் டிலன் புரூக்ஸும் வந்தார்கள். 41 வெற்றி, அடுத்து 52. டிஃபென்ஸில் எங்கே நிற்க வேண்டும் என்று ஆடுகளத்திலேயே கத்திச் சொல்கிற ஆள் இல்லாமல் இருபது வயதுப் பையன்கள் ஐந்து பேரை இறக்கினால், அவர்கள் தப்பான ஆட்டத்தைத்தான் பழகுவார்கள். இண்டியானா அடிமட்டத்துக்கே போகாமல் ஹாலிபர்ட்டனையும் சியாக்கமையும் ட்ரேடில் வாங்கி 2025இல் கோப்பைக்கு ஒரு ஆட்டம் பக்கத்தில் வந்து நின்றது.

கடைசி இருக்கை:
அடிமட்டத்துக்குப் போகாமலா? 2021-22இல் இண்டியானா 25 வெற்றி, 57 தோல்வி. அதில் வந்த ஆறாவது தேர்வு மத்துரின். இறுதிச்சுற்று மூன்றாவது ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்து 27 புள்ளி அடித்தவர். மறக்காமல் எழுதுங்கள்.

வேடிக்கை பார்ப்பவன்:
ஒரு சந்தேகம். நடுவில் டெட்ராய்ட்டையும் இழுத்தீர்களே, அது யார் பக்கம்?

இரண்டாம் சுற்று:
என் பக்கம். 2023-24இல் தொடர்ந்து 28 தோல்வி, மொத்தம் 14 வெற்றி. அடுத்த வருடம் புது நிர்வாகம், பிக்கர்ஸ்டாஃப் கோச், டோபையஸ் ஹாரிஸ், ஹார்டவே மாதிரி வெளியிலிருந்து எறியத் தெரிந்த மூத்த ஆட்கள். 44 வெற்றி. கேட் கன்னிங்ஹாமுக்கு வழி திறந்தது.

கடைசி இருக்கை:
அந்தக் கேட் கன்னிங்ஹாம் 2021இல் முதல் தேர்வு. அவர் இல்லாவிட்டால் ஹாரிஸ் அங்கே போய் யாருக்காக வழி திறப்பது? அப்புறம் உங்கள் கர்ட் தாமஸ் கதைக்கும் ஒரு பதில். அந்தச் சம்பளத்தை ஏற்றுக்கொண்ட 2007-08இல் அந்த அணி (அப்போது சியாட்டில்) 20 வெற்றி. ஜெயிக்கத் துடிக்கும் அணியால் அடுத்தவன் குப்பையைச் சுமக்க இடம் இருக்குமா? தோற்கத் துணிந்தவனிடம்தான் அந்தக் காலி இடம் இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
இது சரியான அடி. நான் ஒரு 30 வெற்றி அணியை நடத்தினால் முதலில் செய்வதும் அதுதான். நீண்ட ஒப்பந்தம் யாருக்கும் போடாமல், செகண்ட் ஏப்ரனில் மாட்டித் தவிக்கும் அணிகளின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு தேர்வுகளைக் கேட்பேன். வேண்டுமென்றே தோற்க மாட்டேன், தோற்றால் அழவும் மாட்டேன்.

ஆனால் ஹார்டன் எப்படிப் போனார் என்பதை இருவருமே விட்டுவிட்டீர்கள். 2012 அக்டோபரில் ஒப்பந்தப் பேச்சு சில மில்லியன் வித்தியாசத்தில் முறிந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். அதே கட்டம் அதே அணிக்குத் திரும்ப வருகிறது. 2025 கோடையில் ஷேய், ஹோல்ம்கிரன், வில்லியம்ஸ் மூவருக்கும் நீட்டிப்புப் போட்டாகிவிட்டது. பின்னவர்கள் இருவருக்கும் பெரிய சம்பளம் 2026-27இல் தொடங்குகிறது, ஷேயுக்கு அதற்கு அடுத்த வருடம். ஹார்டன்ஸ்டைனையும் டோர்ட்டையும் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? கையிலிருக்கும் தேர்வுகளில் வரும் பையன்களை அந்த இடத்தில் நிறுத்திச் சமாளிப்பார்கள் என்பது என் கணிப்பு.

ஜோன் டிஃபென்ஸ்:
ஹார்டன்ஸ்டைன் போனால் ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) யார் எடுப்பது? ஹோல்ம்கிரன் ஒருவரை மட்டும் வைத்துப் பெரிய சென்டர்களைத் தாங்க முடியாது. டோர்ட்டை விடலாம், இவரை விடக்கூடாது.

இரண்டாம் சுற்று:
டோர்ட்டை விடுவதா? அதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து சண்டை போடுகிறேன்.