புதுப்பிப்பு: கூண்டிலிருந்து முற்றத்துக்கு வந்த மூன்று கோழிகள்

நாமக்கல் பக்கத்துப் பண்ணையொன்றில் 80 வாரம் முடிந்து கழிக்கப்பட்ட மூன்று வெள்ளை லெகார்ன் கோழிகளை வாங்கி வந்ததையும், ஐந்தாம் வாரத்தில் கழுத்து இறகு கொட்டி அவை முட்டையிடுவதை நிறுத்தியதையும் முன்பு எழுதியிருந்தேன். நோயென்று அஞ்சியது வீண். நாளுக்கு 16 மணி நேரம் விளக்கொளியில் இருந்தவை எங்கள் முற்றத்தின் 12 மணி நேரப் பகலுக்கு மாறியதால்தான் இறகு உதிர்த்தன என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். இறகில் பெரும்பகுதி புரதமே என்பதால் உப்பிடாத கருவாட்டுத் தூளைத் தீவனத்தில் கலந்தேன். பத்து வாரத்தில் மூன்றுக்கும் உடல் மூடிவிட்டது. (முள் போல் நீட்டிய முளை இறகுகளைத் தொட்டால் அவற்றுக்கு வலிக்கும் என்பதைக் கொத்து வாங்கித்தான் கற்றேன்.)

கவலை தந்தது மூத்தவள்தான். மீண்டும் முட்டையிடத் தொடங்கியபோது, கெட்டி ஓடில்லாத தோல் முட்டையாகவே இட்டாள். ஒரு நாள் அதுவும் வெளிவராமல், வாலைத் தாழ்த்தி முக்கிக்கொண்டு நின்றாள். வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் உட்காரவைத்த பிறகே முட்டை வந்தது. ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் தேவை என்பதால், கிளிஞ்சல் நொறுக்கைத் தனிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். வேண்டிய அளவு தானே தின்கிறாள். ஓடு இப்போது கெட்டிதான்; ஆனால் வாரத்துக்கு இரண்டு முட்டைக்கு மேல் இல்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை.