2017இல் ஆரஞ்சு பெட்டூனியா பூச்செடிகளை அழித்தது சரிதானா?

மகரந்தன்:
பின்லாந்தில் தொடங்கி, ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் அமெரிக்காவிலும் அந்த ஆண்டு ஆரஞ்சு பெட்டூனியாக்களை விற்பனையிலிருந்து விலக்கி அழித்தார்கள். செடி செய்த குற்றம், மக்காச்சோளத்தின் ஒரு மரபணுவைச் சுமந்ததுதான். பெலார்கோனிடின் என்ற செம்மஞ்சள் நிறமியைப் பெட்டூனியாவின் சொந்த நொதியால் உருவாக்க முடியாது. மக்காச்சோள நொதி அதைச் செய்துவிடுகிறது. ஸ்ட்ராபெரிப் பழத்தைச் சிவக்கவைப்பதும் இதே நிறமிதான். பின்லாந்துப் பனிக்காலத்தில் பெட்டூனியா பிழைக்காது, வெளியே பரவவும் வழியில்லை. பிறகு எதற்கு அந்த அழிப்பு?

வேர்முடிச்சு:
நிறமியால் கேடு என்று யாரும் சொல்லவில்லையே. ஜெர்மனியின் கொலோனில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவன ஆய்வாளர்கள் இந்த மரபணுவைப் பெட்டூனியாவில் ஏற்றியது 1987இல். அதே மரபணு அனுமதி ஏதுமின்றிக் கடைகளில் பரவியிருந்தது ஹெல்சிங்கி ரயில் நிலையத்தருகே ஒரு தாவரவியலாளர் பூந்தொட்டியைப் பார்த்துச் சந்தேகப்பட்ட பிறகுதான் வெளியே தெரிந்தது. விற்றவர்களுக்கே தெரியாமல் போனதுதான் எனக்கு உறுத்துகிறது. ஊதா கார்னேஷன் பூவைப் பாருங்கள்: பெட்டூனியா மரபணு ஏற்றி, முறைப்படி அனுமதி பெற்று, 1996இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. அந்த வழி இருக்கத்தானே செய்தது?

மகரந்தன்:
இருந்தது, பெரிய நிறுவனங்களுக்கு. சிறிய அளவில் புதுப்பூ உருவாக்குபவரால் அனுமதி பெறும் செலவைத் தாங்க முடியுமா? 2021இல் அமெரிக்காவே இந்தப் பெட்டூனியாக்களைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்துவிட்டது.

இதழடுக்கு:
இருவரும் நிறத்தை மறந்துவிட்டீர்கள். 1990இல் கொலோனில் உருவான அந்தப் பெட்டூனியாவைத் திறந்த வயலில் ஏறக்குறைய 30,000 செடிகளாக நட்டபோது, கோடை ஏற ஏறப் பல செடிகளில் பூக்கள் வெளிறின. சிலவற்றில் ஒரே இதழில் திட்டுத்திட்டாக நிறம் விட்டுப்போனது. மரபணு அப்படியே இருந்தும் மெத்தில் தொகுதிகள் என்ற சிறு வேதித் துணுக்குகள் ஒட்டி அதை அடக்கிவிட்டன. மரபணு மட்டும் போதாது என்பதுதான் நீல ரோஜாவின் கதையும். பான்சி என்ற பூச்செடியின் மரபணு, நீல நிறத்துக்கான டெல்பினிடின் நிறமியைச் சரியாகவே உருவாக்குகிறது. ரோஜா இதழின் செல்சாறு அமிலத்தன்மை கொண்டது, அதனால் கிடைப்பது வெளிர் ஊதா. ஒரு மரபணு, ஒரு நிறம் என்று கணக்குப் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

மகரந்தன்:
அது தொழில்நுட்பத்தின் குறை, தடைக்குக் காரணமாகாது. கதிர்வீச்சால் நிறம் மாற்றிய சாமந்திகள் எத்தனையோ விற்பனையில் இருக்கின்றன. அவற்றின் மரபணுக்களில் எங்கே என்ன உடைந்தது என்று யாராவது கேட்டார்களா?

வேர்முடிச்சு:
கேட்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். மரபணு ஏற்றியவை, கதிர்வீச்சால் மாற்றியவை என இரண்டு வகைச் செடிகளின் விற்பனைச் சீட்டிலும் அதை எழுதுங்கள். அப்படி எழுதி விற்றால் ஆரஞ்சு பெட்டூனியாவை நானே வாங்குவேன்.