சூடானால் நின்றுவிடுகிறது, ஆறினால் கிளம்பிவிடுகிறது: காயில் மாற்றலாமா?

கிரீஸ்கை:
வணக்கம். அப்பா ஓட்டிய பழைய 100 சிசி வண்டி. நான்கு ஸ்ட்ரோக், எலக்ட்ரானிக் இக்னிஷன், கிக்கர் மட்டும்தான். காலையில் இரண்டாவது உதையில் கிளம்பும். 15 கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. அதற்கு மேல் எங்காவது நிறுத்தினால் ஐட்லிங் தள்ளாடி அணைந்துவிடுகிறது. அப்புறம் எத்தனை உதைத்தாலும் கிளம்பாது, கிக்கர் வெண்ணெயில் மிதிக்கிற மாதிரி இறங்குகிறது. அரை மணி நேரம் ஆறினால் சமத்தாகக் கிளம்பும். பிளக் புதுசு. கார்பரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை ஊதிவிட்டேன். பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் இக்னிஷன் காயில் வாங்கிவிடலாமா?

ஸ்பேனர் 10-12:
வாங்குவதற்கு முன் டேங்க் மூடியைப் பாருங்கள். மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் இறங்குவதே நின்றுவிடும். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை இழுத்தால் அதுதான்.

பழைய இரும்பு:
காயில் சந்தேகமும் நியாயமானதுதான், சூட்டில் மட்டும் படுத்துவிடும் காயில்கள் உண்டு. வீட்டில் ஆறிய பிறகு மீட்டர் வைத்தால் எல்லாம் சரியாகவே காட்டும். அதனால் நின்ற இடத்திலேயே பாருங்கள். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உடலை எஞ்சின் இரும்பில் நன்றாகத் தொடவைத்து உதையுங்கள். பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளிப் பிடியுங்கள். அதிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும், பற்றிக்கொள்ளும். பொறி இல்லையென்றால் காயில் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். பொறி திரும்பினால் காயில் போச்சு.

கிரீஸ்கை:
இன்று வேண்டுமென்றே ஓட்டி நிற்க வைத்தேன். மூடியைத் திறந்தேன், சத்தமே இல்லை. கார்பரேட்டரின் கீழ்த் திருகைத் தளர்த்தினால் பெட்ரோல் தாராளமாக வருகிறது. பொறியும் நீலமாகப் பளிச்சென்று அடிக்கிறது. ஆனாலும் கிளம்பவில்லை. குழம்பிவிட்டேன்.

டாப்பெட் தாத்தா:
தம்பி, விடையை முதல் பதிவிலேயே எழுதிவிட்டீர்கள். 'வெண்ணெய்.' பெட்ரோல் இருக்கிறது, பொறி இருக்கிறது, கம்ப்ரஷன்தான் (சிலிண்டருக்குள் கலவை அழுந்துவது) இல்லை. டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள சந்து, போதாமல் இருந்தால், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீண்டதும் முழுதாக மூட இடமிருக்காது. அழுத்தம் அதன் வழியே ஒழுகிவிடும். ஆறினால் சுருங்கி மூடிக்கொள்ளும்.

ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில்தான் அளக்க வேண்டும். மேக்னெட் சக்கரத்தில் உள்ள 'டி' குறியை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) நேராகக் கொண்டுவந்து இரண்டு ராக்கரையும் ஆட்டிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் முடியும் இடத்திலும் அதே குறி வரும். அங்கே இரண்டு வால்வும் லேசாகத் திறந்திருக்கும். அங்கே அளந்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். சந்தேகமென்றால் இன்னும் ஒரு முழுச்சுற்று சுற்றி, எந்த நிலையில் ராக்கர் தளர்வாக இருக்கிறது என்று ஒப்பிடுங்கள், அந்த நிலையில்தான் அளக்க வேண்டும். அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். இந்த மாதிரிச் சின்ன எஞ்சின்களில் பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மி.மீ. வரை. லாக் நட்டை இறுக்கும்போது இடைவெளியை வைக்கும் திருகும் கூடவே சுற்றிவிடும், இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் மூடியைப் போடாதீர்கள்.

கிரீஸ்கை:
அண்ணா, எக்ஸாஸ்ட்டில் 0.05 மி.மீ. அளவுத் தகடே நுழையவில்லை! சொல்ல வெட்கமாக இருக்கிறது: சில மாதங்களுக்கு முன் 'டிக் டிக்' சத்தம் பிடிக்காமல் நானேதான் இறுக்கினேன். கையேட்டில் உள்ளபடி 0.08 வைத்தேன். 40 கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, அணைத்து, உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. ஆனால் அந்தச் சத்தம் திரும்ப வந்துவிட்டது.

டாப்பெட் தாத்தா:
வரட்டும். லேசான சத்தம் இருந்தால் மூச்சு விடுகிறது என்று அர்த்தம். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை அளந்து பாருங்கள். இடைவெளி மறுபடி குறைந்திருந்தால் வால்வு தன் சீட்டுக்குள் (மூடும்போது அது அமரும் வளையம்) தேய்ந்து இறங்குகிறது. அப்போது ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

ஸ்பேனர் 10-12:
டேங்க் மூடித் துளையையும் ஒரு ஊது ஊதிவிடுங்கள், அதற்குச் செலவில்லை.