ஒழுங்கற்ற உள்ளீடு கொடுத்தும் நரம்பணு கடிகாரம் போலத் துடிக்கிறது: எங்கே தவறு?

கேள்வி:
நரம்பணுவின் கசிவோடு திரட்டிச் சுடும் மாதிரியை (leaky integrate-and-fire: உள்ளீடுகளைக் கூட்டி, வாசலைத் தொட்டதும் ஒரு துடிப்பை வெளியிடுவது) நிரலாக எழுதியிருக்கிறேன். ஓய்வு மின்னழுத்தம் −70 மில்லிவோல்ட், சுடும் வாசல் −50, சுட்டபின் மீண்டும் −70. சவ்வின் கால மாறிலி, அதாவது ஏறிய மின்னழுத்தம் கசிந்து தணியும் கால அளவு, 20 மில்லிவினாடி. கிளர்ச்சி சினாப்ஸ்கள் (மின்னழுத்தத்தை ஏற்றும் நரம்பணு இணைப்புகள்) 1,000. ஒவ்வொன்றிலும் வினாடிக்குச் சராசரியாக 5 துடிப்புகள், பாய்சான் முறையில் (ஒன்றையொன்று சாராமல், தற்செயலான நேரங்களில்). துடிப்பு ஒன்றுக்கு 0.25 மில்லிவோல்ட் ஏற்றம்.

வினாடிக்கு 32 முறை சுடுகிறது. ஆனால் துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளிகளின் மாறுபாட்டுக் கெழு (திட்டவிலக்கம் ÷ சராசரி, கடிகார ஒழுங்குக்கு 0) 0.2ஐ ஒட்டியே நிற்கிறது. பெருமூளைப் புறணியின் பதிவுகளில் அது பெரும்பாலும் 1க்கு அருகில் இருக்கிறதே! மூன்று நாள்களாகப் பிழை தேடிக் களைத்துவிட்டேன்.

பதில் 1:
நேரப் படி எவ்வளவு?

கேட்டவர்:
0.1 மில்லிவினாடி. 0.01 ஆக்கியும் பார்த்தேன், மாற்றமில்லை.

பதில் 2:
அப்படியானால் நிரலை விட்டுவிடுங்கள், கணக்கைப் பாருங்கள். 1,000 சினாப்ஸ்களிலும் சேர்த்து மில்லிவினாடிக்கு 5 துடிப்புகள். அதைக் கால மாறிலியாலும் ஏற்றத்தாலும் பெருக்கினால் சராசரி உயர்வு: 5 × 20 × 0.25 = 25 மில்லிவோல்ட். வாசல் இருப்பதோ ஓய்வுநிலையிலிருந்து 20 உயரத்தில்தான். சராசரி உள்ளீடே வாசலைத் தாண்டித் தள்ளுகிறது. அதைச் சுற்றிய அலைவின் திட்டவிலக்கம் ஏறத்தாழ 1.8தான். ஆயிரம் சிறு ஏற்றங்கள் கூடும்போது ஒழுங்கின்மை கரைந்துபோகிறது. 1993இல் சாஃப்ட்கி, கோக் என்ற ஆய்வாளர்கள் எழுப்பிய புதிர் இதுவே, ஆகவே நீங்கள் தடுமாறியதில் வியப்பில்லை.

ஒடுக்கும் சினாப்ஸ்கள் இல்லாததுதான் குறை. 250 சேருங்கள்: அதே 5 துடிப்புகள், ஒவ்வொன்றுக்கும் 0.4 மில்லிவோல்ட் இறக்கம். சராசரி 15க்கு இறங்கும், அலைவு 2.3க்கு ஏறும். இனி வாசலைத் தொடுவது சராசரியின் வேலையல்ல. தற்செயலாக எழும் அலையின் வேலை. ஏற்றத்தை மட்டும் குறைத்தும் சராசரியைக் கீழே கொண்டுவரலாம், ஆனால் அலைவும் சுருங்கிச் சுடுவதே அரிதாகிவிடும்.

பதில் 3:
ஓட்டத்தை நீட்டிக்கவும் மறவாதீர்கள். இந்த அமைப்பில் வினாடிக்கு 3 முறைதான் சுடும். சில வினாடிப் பதிவிலிருந்து கெழுவைக் கணிப்பது வீண்.

கேட்டவர்:
200 வினாடி ஓட்டினேன். கெழு 0.8ஐத் தாண்டிவிட்டது! சில இடங்களில் இரண்டு துடிப்புகள் நெருங்கி விழுகின்றன, பிறகு அரை வினாடி அமைதி. மிக்க நன்றி. அடுத்து, நிலையான ஏற்ற இறக்கங்களுக்குப் பதிலாகக் கடத்துதிறனை (சவ்வு மின்னோட்டத்தை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதை) கொண்டு எழுதப் போகிறேன்.

பதில் 2:
எழுதும்போது கால மாறிலியைக் கவனியுங்கள். சினாப்ஸ்கள் திறக்கத் திறக்கச் சவ்வின் கசிவு கூடும். 20 மில்லிவினாடி அப்படியே இருக்காது, குறையும்.