அம்மாவின் நோய் எனக்கும் வருமா?

மல்லி (விருதுநகர் மாவட்டம்):

என் அம்மாவுக்கு மனச்சிதைவு நோய். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கியது. ரேடியோவை ஈரத்துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். அதற்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்வார். அதற்கு முந்தைய வருடம்தான் தம்பி மஞ்சள் காமாலையில் இறந்திருந்தான். புத்திர சோகம்தான் காரணம் என்கிறார் ஆச்சி. அம்மாவின் தாய்மாமனுக்கும் இப்படி இருந்தது, ரத்தத்திலேயே வருவது என்கிறார் பெரியப்பா. எனக்கு இப்போது 26 வயது. சென்ற மாதம் பெண் பார்க்க வந்தவர்கள், அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டு, "தாயைப் போல பிள்ளை" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓரிரவு தூக்கம் கெட்டாலே பயந்துபோகிறேன். யார் சொல்வது சரி?

மனநல சமூகப் பணியாளர் (மதுரை):

மல்லி, ஆச்சி சொல்வதிலும் பெரியப்பா சொல்வதிலும் பாதிப்பாதி உண்மை இருக்கிறது. பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் வரலாம். தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. இதைத் தரகரிடமும் சொல்லுங்கள். இந்த நோய்க்கென்று தனி மரபணு எதுவும் கிடையாது. 2022-ல் வெளியான பெரிய ஆய்வு, மரபணுத் தொகுதியில் 287 இடங்களுக்கு இதனுடன் தொடர்பு உண்டு என்றது. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவுதான்.

பின்லாந்தில் பெக்கா தியெனாரி குழுவினர், மனச்சிதைவு நோயுள்ள தாய்மார்கள் தத்துக் கொடுத்த பிள்ளைகளைப் பல்லாண்டுகள் கவனித்தார்கள். சண்டையும் குழப்பமும் நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களிடம் நோய் அதிகமாகத் தென்பட்டது; இணக்கமான வீடுகளில் வளர்ந்தவர்களிடம் வெகுவாகக் குறைந்தது. நோய் வரக்கூடிய பரம்பரைத் தன்மை இல்லாத பிள்ளைகளுக்கோ, கடினமான வீடு அமைந்தும் அந்த அளவு பாதிப்பு இல்லை. உங்கள் அம்மாவுக்கு அந்தத் தன்மை ஏற்கெனவே இருந்திருக்கலாம், தம்பியின் சாவு அதைக் கிளறியிருக்கலாம். அவரைக் குற்றம் சொல்ல இதில் எதுவுமே இல்லை.

கம்பம்காரன்:

தங்கச்சி, நானும் என் அண்ணனும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர். முகம், குரல், கையெழுத்துச் சாய்வுகூட ஒன்று. அவனுக்கு 21 வயதில் இந்த நோய் வந்தது. எனக்கு 44 ஆகிறது, வரவில்லை. அவன் வெளியூர் விடுதியில் தங்கியிருந்தபோது கஞ்சா பழகிவிட்டான், இரவெல்லாம் விழித்திருப்பான். நான் வீட்டோடு இருந்து கடையைப் பார்த்தேன். அது மட்டும்தான் காரணமா என்று கேட்டதற்கு, கஞ்சா நோயைத் தூண்டக்கூடியது, ஆனால் அது ஒன்றையே காரணமாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு என்றும் சொன்னார். அன்று இரவுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அண்ணன் இப்போது மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறான். காலையில் கடையைத் திறப்பது அவன்தான்.

மல்லி:

அண்ணா, உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். அடுத்து வரும் வரனிடம் அம்மாவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடலாமா?

மனநல சமூகப் பணியாளர்:

சொல்லிவிடுங்கள், மறைத்துச் செய்த திருமணங்களில்தான் மாத்திரையை ஒளித்து வைக்கும் அவலத்தைப் பார்த்திருக்கிறேன். ஓரிரவு தூக்கம் கெடுவது எல்லோருக்கும் நடப்பது. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால், காரணமில்லாத சந்தேகம் வலுத்தால், யாருமில்லாதபோது குரல் கேட்டால் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. கஞ்சாவின் பக்கமே போகாதீர்கள்.