ஒரே கழுத்தில் ரெண்டு வகைப் புற்றா?

தேவகோட்டைக்காரி:
எங்க ஆத்தாவுக்கு 58 வயசு. தேன்குழல் பிழிஞ்சிட்டு நிமிர்ந்தப்ப கழுத்துல நெல்லிக்காயளவு கட்டி. ஊசி டெஸ்ட்ல பாப்பில்லரிங்கிற தைராய்டு புற்றுன்னாங்க. தைராய்டை முழுசா எடுத்தப்புறம் வந்த பயாப்சியில மெடுல்லரிங்கிற இன்னொரு வகையும் கலந்திருக்காம். முதல்ல காட்டின இடத்துல மெடுல்லரியைக் காட்டிக்கொடுக்கிற கால்சிடோனின் ரத்தப் பரிசோதனையே எழுதலை, அந்த ஆத்திரம் இன்னும் ஆறலை. கதிரியக்க அயோடின் கொடுத்தா ரெண்டும் போயிருமா?

லேப்காரன்:
போகாது ஆச்சி. மெடுல்லரி, தைராய்டுல கால்சிடோனின் சுரக்கிற சி செல்லிலிருந்து வர்றது, அயோடினை உறிஞ்சாது. அயோடின் பாப்பில்லரிக்குத்தான், அதுவும் தேவைப்பட்டால். முதல்ல, எடுத்த சதையை மெழுகுல பதிச்சு வச்ச பாரஃபின் பிளாக்கை வாங்கி இன்னொரு பேதாலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க. மெடுல்லரி செல்லுல இருக்கிற கால்சிடோனினுக்கும் பாப்பில்லரி செல்லுல இருக்கிற தைரோகுளோபுலினுக்கும் தனித்தனியா சாயமேத்திப் பார்த்தா எது எந்த செல்லுன்னு தெரியும். ஸ்லைடை மட்டும் கொடுத்து அனுப்பிருவாங்க, விடாதீங்க.

காரைக்குடி அண்ணன்:
ரெட் மரபணு சோதனையும் கேளுங்க. மெடுல்லரியில ஏறக்குறைய 25 சதவீதம் பரம்பரை. மாற்றம் இருந்தா உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பார்க்கணும். அந்த மாற்றம் இருந்தா சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரீனல் சுரப்பியிலயும் கட்டி வரலாம்; அது இல்லைன்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே பார்த்தாங்களா?

தேவகோட்டைக்காரி:
இல்லைண்ணே. நாளைக்குக் கேக்குறேன். பிளாக் எடுத்துவர ஆத்தாவே டிபன் டப்பா கழுவி வச்சிருக்கு.