மாற்றத் திட்டம் முடிந்தது என்று எப்போது கையெழுத்திடலாம்?

கேள்வி (நூற்பாலை நிர்வாக அலுவலர்):
வணக்கம். எங்கள் ஆலையில் ஸ்டோர்ஸ், கொள்முதல், பராமரிப்பு ஆகிய பிரிவுகள் கடந்த ஓராண்டில் காகித இன்டென்ட்டிலிருந்து (பொருள் கேட்டு எழுதும் கோரிக்கைச் சீட்டு) ஈஆர்பி முறைக்கு (எல்லாப் பிரிவுகளின் பதிவுகளையும் ஒன்றாக வைக்கும் கணினி மென்பொருள்) மாறியுள்ளன. இதற்கென அமைத்த குழுவை இம்மாத இறுதியில் கலைத்து, நிறைவு அறிக்கை தருமாறு நிர்வாகம் கேட்டிருக்கிறது. பயிற்சி முடிந்துவிட்டது, செலவும் வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் சென்ற வாரம் ஸ்டோர்ஸ் எழுத்தரின் மேசை இழுப்பறையில் பழைய இருப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். அதன் கடைசிப் பதிவு அன்று காலையில் எழுதப்பட்டிருந்தது. இந்நிலையில் திட்டம் முடிந்தது என்று எழுதலாமா?

மறுமொழி (திட்ட மேலாளர்):
அந்தப் பதிவேட்டை உடனே பறித்துவிடாதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதை எழுதுகிறார் என்று பாருங்கள். புதிய முறையில் இடமில்லாத ஏதோ ஒன்றுதான் அங்கே எழுதப்படும் என்பது என் அனுபவம். அறிக்கையில் தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட பயன்களில் எவை கிடைத்தன, எவை கிடைக்கவில்லை என்பதும், மிச்சமுள்ள ஒவ்வொரு வேலையையும் யார் எந்தத் தேதிக்குள் முடிப்பார் என்பதும் இருக்க வேண்டும். "சம்பந்தப்பட்ட துறை கவனிக்கும்" என்று எழுதினால் ஒருவரும் கவனிக்கமாட்டார். ஆறு மாதம் கழித்து நடத்த வேண்டிய மறுஆய்வின் நாளையும் இப்போதே குறித்துவிடுங்கள். குழு கலைந்தபின் அதைக் கூட்ட ஆள் கிடைக்காது.

மறுமொழி (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பழைய வழிக்கும் ஒரு கடைசி நாள் வேண்டும். அலகாபாத் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று சட்டப்படி இந்தியன் வங்கியுடன் இணைந்தது. கணினி அமைப்புகள் ஒன்றானதோ 2021 பிப்ரவரியில்தான். அலகாபாத் வங்கியின் பழைய காசோலைகள் 2021 செப்டம்பர் இறுதியோடு செல்லாதவையாயின. அந்த மூன்றாவது நாளே வாடிக்கையாளரைப் பொறுத்தவரை இணைப்பு முடிந்த நாள் என்பேன். அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதும் முக்கியம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று எழுத்தரோடு உட்கார்ந்து பார்த்தேன். காயில் கட்ட வெளியே அனுப்பும் மோட்டார்கள் எந்தப் பட்டறையில் இருக்கின்றன என்பதைப் பதிய ஈஆர்பியில் இடமே இல்லை. அவர் அதைத்தான் எழுதி வந்திருக்கிறார், அவர் எழுதியிராவிட்டால் சில மோட்டார்கள் தொலைந்தே போயிருக்கும். அதற்கான திரையைச் சேர்க்கும் பொறுப்பைப் பராமரிப்புப் பிரிவுத் தலைவர் ஏற்றுக்கொண்டார். நிறைவு நாளை ஒரு மாதம் தள்ளிவைக்கக் கேட்டு இன்று மாலை கடிதம் கொடுத்துவிட்டேன். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத்தரும் நானும் சேர்ந்து கையெழுத்திட்ட பிறகே அறிக்கையில் கையெழுத்திடுவேன்.